‘ரெடி’ சொல்லும் வேலை

எங்கள் ஆஸ்பத்திரியில் ரெடி அக்காவுக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. அது அவள் கழுத்தில் தொங்குகிற அட்டையில் மட்டும் இருந்தது. வாசல் காவலாளியிலிருந்து கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்வரை எல்லாருக்கும் அவள் ரெடி அக்காதான். அவளைவிட வயதில் மூத்த பெரிய டாக்டரே ஒருநாள் வாய் தவறி, “ரெடி அக்கா வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டு, நாங்கள் சிரித்த சிரிப்பில் காது சிவந்து போனார்.

பெயர் வந்த கதைக்கு முன்னால் அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தியேட்டர், தொண்டை ஆபரேஷன் நடக்கிற இடம். நான் அங்கே கருவி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பேச்சே தேவைப்படாத வேலையாகப் பார்த்து என் தலையில் கட்டினார்கள் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

லேசர் என்றதும் பளபளவென்று பச்சைக் கோடு பாயும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் லேசர் கண்ணுக்கே தெரியாது. எங்கே சுடப் போகிறது என்று காட்ட ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். நோயாளியை மயக்கிப் படுக்க வைத்து, வாய் வழியாக ஓர் இரும்புக் குழலை இறக்கி, அதன் வழியாகக் குரல் நாண்களைப் பார்ப்பார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், இரண்டு வெள்ளை நாடா. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் நாம் சண்டை போடுகிறோம், பாடுகிறோம், பொய் சொல்கிறோம். அதன் மேல் ஏதாவது முளைத்தால் கத்தியால் வெட்ட முடியாதென்றில்லை. ஆனால் ரத்தம் வந்து பார்வையை மறைக்கும். லேசர் தீய்த்துக்கொண்டே வெட்டும், ரத்தம் வராது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு காலால் பெடலை மிதிப்பார்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதே தொண்டையில்தான் மூச்சுக்கான குழாயும் இறங்கியிருக்கும். அதற்குள் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருக்கும். கதிர் தப்பித் தவறி அந்தக் குழாய் மேல் பட்டால், நோயாளியின் நெஞ்சுக்குள்ளேயே தீப்பிடிக்கும். அதனால் குழாயின் நுனியிலிருக்கும் பலூனில் காற்றுக்குப் பதில் நீலம் கலந்த உப்புத் தண்ணீரை அடைப்பார்கள். ஓட்டை விழுந்தால் நீலம் கசிந்து காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் ஈரப் பஞ்சு, முகத்தில் ஈரத் துணி, எங்கள் எல்லார் கண்ணுக்கும் கண்ணாடி. ஜன்னல் திரையை இறக்கி, கதவைத் தாழ் போட்டு, வெளியே சிவப்பு விளக்கை எரியவிடுவார்கள். அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான். அவசரமாகப் பாத்ரூம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

லேசர் மெஷின் பக்கத்தில் அக்கா நிற்பாள். மெஷின் எப்போதும் தூக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. டாக்டர் “லேசர்” என்றால், அக்கா ஒரு சுற்றுப் பார்ப்பாள். பஞ்சு ஈரமா, ஆக்ஸிஜன் குறைத்தாயிற்றா, எல்லார் கண்ணிலும் கண்ணாடி இருக்கிறதா. பிறகு பட்டனை அழுத்தி “ரெடி” என்பாள். அந்த வார்த்தை காதில் விழாமல் டாக்டரின் கால் கீழே இறங்காது. சுட்டு முடித்ததும் மெஷினை மறுபடி தூங்க வைத்துவிடுவாள். ஒரு ஆபரேஷனில் எத்தனை ரெடி என்று யாரும் எண்ணியதில்லை. சும்மா சொல்லக் கூடாது, அக்காவுக்கு நல்ல குரல். உரத்த குரல் இல்லை, ஆனால் தெளிவாக இருக்கும்.

லேசர் சுட்டால் புகை வரும், தலைமுடி கருகிய நாற்றத்தோடு. அதை உறிஞ்ச ஒரு குழாய் உண்டு. அது உறிஞ்சியது போக மிச்சம் எங்கள் மூக்குக்கு. எங்களுக்கு வந்த கேஸ்களில் பாதி, குரல் நாணில் மரு முளைத்தவர்கள். மரு என்றால் கையில் வருகிறதே, அதே சாதிதான். கிருமியால் வருவது. வெட்ட வெட்ட முளைக்கும். குழந்தைகள்கூட வருவார்கள், சில மாதத்துக்கு ஒருமுறை. அந்தக் கிருமி புகையிலும் இருக்கலாம் என்று ஒருநாள் கெட்டியான முகமூடிகள் ஒரு பெட்டி வந்து இறங்கின. மூக்கோடும் தாடையோடும் ஒட்டிக்கொண்டு நிற்கிற முகமூடி.

நாங்கள் எல்லாரும் போட்டுக்கொண்டோம். அக்காவும் போட்டுக்கொண்டாள். அவள் “ரெடி” என்றது “ம்ம்” என்று கேட்டது.

“என்ன? சொல்லிட்டியா, இல்லையா?” என்றார் டாக்டர், கண்ணை எடுக்காமல்.

அக்கா மறுபடி சொன்னாள். மறுபடியும் “ம்ம்”. உறிஞ்சு குழாய் ஒரு பக்கம் இரைகிறது, மெஷின் ஒரு பக்கம் முனகுகிறது. பெரிய டாக்டருக்கு வெண்கலத் தொண்டை. அவர் எத்தனை முகமூடி போட்டாலும் பக்கத்துத் தியேட்டர்வரை கேட்கும். அக்காவுக்கு அந்த வசதி இல்லை.

“நீ வாய்க்குள்ளயே முணுமுணுத்தா நான் எப்படி காலை வைக்கிறது? உள்ள இருக்கிறது சின்னக் குழந்தை” என்று எரிந்து விழுந்தார்.

அடுத்த கேஸுக்கு அக்கா கெட்டி முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய மெல்லிய முகமூடியைக் கட்டிக்கொண்டாள். “ரெடி” கணீரென்று வந்தது. “இப்படித்தான் இருக்கணும்” என்றார் டாக்டர். அவ்வளவுதான், யாரும் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. அந்த அறையில் பேச வேண்டியவள் ஒருத்தி, கெட்டி முகமூடி இல்லாதவளும் அவள் ஒருத்தியே. வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

அக்காவின் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே அவருக்குப் பார்வை போய்விட்டது. ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். ஒருமுறை பேசியவர்களை மறுமுறை “ஹலோ”விலேயே கண்டுபிடித்துவிடுவார். அக்கா அவரிடம் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான். பயிற்சியில் இருந்த காலத்தில் ஏதோ வேலையாக அந்த அலுவலகத்துக்கு போன் செய்திருக்கிறாள். மறுநாள் மறுபடி செய்தபோது அவர், “நேத்து அழுதுட்டுப் பேசினீங்களே, இன்னைக்குப் பரவாயில்லையா?” என்று கேட்டிருக்கிறார். முந்தின நாள் அவள் அழுதது வார்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் இரண்டே பேர். அக்கா வாய் ஓயாமல் பேசுவாள். பேச்சென்றால் வெட்டிப் பேச்சில்லை. பஸ்ஸில் யார் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்கள், எதிர் வீட்டுக் கதவுக்கு என்ன கண்றாவி பெயின்ட் அடித்திருக்கிறார்கள், டாக்டர் தலையில் இன்னும் எத்தனை முடி பாக்கி என்று ஒன்று விடாமல் சொல்வாள். மாமா கேட்டுக்கொண்டே காய் நறுக்குவார். அவர் உலகத்தைப் பார்த்ததெல்லாம் அக்காவின் வாயால்தான்.

ஆகவே முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான்.

“உன் குரல்ல ஏதோ மண்ணு ஒட்டின மாதிரி இருக்கே” என்றாராம்.

“ஃபேன் காத்துங்க. தொண்டை கட்டிக்கிச்சு.”

“தொண்டை கட்டினா எனக்குத் தெரியும். இது வேற.”

அக்கா வெந்நீர் குடித்தாள், கொப்பளித்தாள், ஆவி பிடித்தாள். தொண்டை நோயாளிகளுக்கு நடுவிலேயே காலம் தள்ளுகிறவள் தன் தொண்டையை ஒரு டாக்டரிடம் காட்டவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வரும். கேட்டால், “போடி, உனக்கு வேற வேலை இல்ல” என்பாள். அந்தப் “போடி”யே பிசிறடித்துக்கொண்டு வந்தது.

ஒருநாள் கதவு தாழ் போட்டாகிவிட்டது, சிவப்பு விளக்கு எரிகிறது. டாக்டர் “லேசர்” என்றார். அக்கா பட்டனை அழுத்தினாள், வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இன்னொருமுறை முயன்றாள். அதற்கும் காற்று. டாக்டரின் கால் பெடலுக்கு மேலே தூக்கினபடியே நின்றது. அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்படி அவர் திரும்பி நான் பார்த்ததே இல்லை. அந்தக் கேஸை நான் “ரெடி, ரெடி” என்று கத்தி முடித்துவைத்தேன்.

கை கழுவினதும் டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கினார். நான் கூட நின்றேன். திரையில் தெரிந்ததை நாங்கள் மூன்று பேரும் நூறு தடவை பார்த்திருக்கிறோம். இரண்டு நாண்களிலும் கொத்துக் கொத்தாக மரு, முசுக்கொட்டைப் பழம் மாதிரி. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காதான் முதலில் பேசினாள். “இது நம்ம கேஸ்தான் டாக்டர்” என்றாள், அந்தப் பிசிறுக் குரலில்.

புகையால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். நிர்வாகத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ரொம்ப அபூர்வமாம், வேறு எங்கிருந்தும் வந்திருக்கலாமாம். வந்திருக்கலாம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே அறையில் கெட்டி முகமூடி போட்ட எங்கள் ஒருத்தர் தொண்டையிலும் ஒரு மருவும் இல்லையே என்று நான் கேட்டதற்கு, அந்த நிர்வாகி என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

முதல் ஆபரேஷனுக்கு அக்கா அதே மேஜையில் படுத்தாள். மெஷின் பக்கத்தில் நான். எனக்கு அவசர அவசரமாகப் பட்டனும் விதியும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மயக்க மருந்து டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தால், இவள் படுத்தபடியே, “நீலத் தண்ணி அடைச்சாச்சா?” என்கிறாள்.

“அக்கா, இன்னைக்கு நீங்க நோயாளி. கண்ணை மூடுங்க.”

“அவள கெட்டி முகமூடி போடச் சொல்லுங்க. போடாம கதவச் சாத்தாதீங்க.”

போட்டுக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியதில் அன்றைக்கு எனக்கும் குரல் கட்டிக்கொண்டது.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு வாரம் பேசக் கூடாது. குசுகுசுவென்றும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். மற்ற நோயாளிகள் எழுதிக் காட்டுவார்கள், சைகை காட்டுவார்கள். அக்கா வீட்டில் யாருக்கு எழுதிக் காட்டுவது? அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்றுகூட மாமாவுக்குத் தெரியாமல் போனது. கூடத்தில் நின்று, “இருக்கியா?” என்பார். இவள் பக்கத்திலேயே நிற்பாள்.

அவர்தான் வழி கண்டுபிடித்தார். “கையில கிடைச்சதத் தட்டு. ஒரு தட்டு ஆமா. ரெண்டு தட்டு இல்ல. மூணு தட்டினா கோவமா இருக்கேன்னு அர்த்தம்.” அந்த வாரம் முழுக்க வீட்டில் மூன்று தட்டுதான் அதிகம் கேட்டது என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

குரல் திரும்பி வந்தது. கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி அக்காவின் குரல்தான். அவளை வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லி நான் சண்டை பிடித்தேன். அவளோ, “எனக்குப் பதிலா யாரு? நீ கருவி குடுப்பியா, மெஷினப் பாப்பியா? பயிற்சி முடிச்ச ஆள் இல்லாம மெஷினத் தொடக் கூடாது. அந்தக் குழந்தைங்க மூச்சு முட்டிக்கிட்டு வருதுங்க” என்றாள். அவள் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. அந்த மரு மறுபடி முளைக்கும். முளைத்தால் அவள் படுக்க வேண்டியதும் இதே மேஜைதான். சுற்று வட்டாரத்தில் வேறு லேசர் கிடையாது. அந்த அறை நடக்காவிட்டால் அவளுக்கும் மூச்சு நடக்காது. அதை விட்டு ஓடவும் முடியாது, உள்ளே நிற்கவும் கூடாது என்ற நிலைமை.

கெட்டி முகமூடியோடு வந்து நின்றாள். டாக்டர் “லேசர்” என்றார். அவள் பட்டனை அழுத்தி, மெஷினின் தகரப் பக்கத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். டங்கென்று கேட்டது. டாக்டரின் கால் இறங்கியது. ஒருமுறைகூட “என்ன?” என்று அவர் கேட்கவில்லை.

கேஸ் முடிந்து கதவு திறந்ததும் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “இது நமக்கு முன்னாடியே தோணாமப் போச்சே” என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். கை கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். “ஒரு தட்டுக்கா. ஒரே ஒரு தட்டு. இதுக்காகவா இத்தனை வருஷம் அந்தப் புகைய மொத்தமா முழுங்கின? இந்த மனுஷனுக்கு மூளை இருக்கா?”

“அவர ஏன் திட்டுற? எனக்கே தோணலையே.” சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “உண்மையச் சொல்லட்டா? ரெடின்னு சொல்றதுல எனக்கு ஒரு பெருமை இருந்துச்சு. நான் வாயத் திறந்தாத்தான் அந்த ரூம்ல எதுவும் நடக்கும். முகமூடி அதக் கெடுக்குதேன்னு கழட்டினேன்.” பிறகு குழாயை மூடிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

சில மாதத்தில் மரு மறுபடி முளைத்தது. அடுத்து இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் மயக்கத்துக்கு முன்னால் அக்கா சொல்லும் பாட்டு ஒன்றுதான்: “முன் மூலையத் தொடாதீங்க டாக்டர்.”

குரல் நாண்கள் இரண்டும் கழுத்தின் முன்புறத்தில், ஒரு கவட்டை மாதிரி, ஒரே மூலையில் சேரும். அங்கே இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் சுட்டால், இரண்டும் புண்ணாகி, ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் குரல் போனது போனதுதான். அதனால் டாக்டர் ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்வார், மூலையை விட்டுவிடுவார். விட்ட மூலையிலிருந்து அது மறுபடி முளைத்துக்கொண்டு வரும். முழுக்க எடுத்தால் குரல் போகும், விட்டுவைத்தால் மரு வளரும். அக்கா எங்களிடம் வந்த எத்தனையோ தாய்மார்களுக்கு இதைப் பொறுமையாக விளக்கிச் சொன்னவள். அவளுக்கு ஒருத்தர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒருநாள் மாமா எனக்கு ஆஸ்பத்திரிக்கு போன் செய்தார். “உங்க அக்கா படி ஏறினா மூச்சுல விசில் சத்தம் வருது. உன்கிட்ட சொன்னாளா?”

சொல்லவில்லை. என்னோடு படி ஏறுவதையே தவிர்த்துக்கொண்டு, லிஃப்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் நேராகப் போய் டாக்டரிடம் போட்டுக்கொடுத்தேன்.

கேமராவில் பார்த்தால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, நடுவில் ஒரு சந்துதான் பாக்கி. மாமாவையும் வரவழைத்து, டாக்டர் தன் அறையில் மூடி மறைக்காமல் சொன்னார். இந்த முறை மூலையோடு சேர்த்து இரண்டு பக்கத்தையும் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் மரு கீழே நெஞ்சுவரை இறங்கும் பயம் இருக்கிறது.

“மூலைய விட்டுருங்க” என்றாள் அக்கா. “இந்த ஒரு தடவ. அடுத்த தடவ பாத்துக்கலாம்.”

“இத விட்டா, அடுத்த தடவ நீ நடந்து வரமாட்டம்மா. தூக்கிட்டுத்தான் வரணும்.”

“எனக்குத் தெரியும் டாக்டர். எல்லாம் தெரியும்.” அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “அவரு என் மூஞ்சியப் பாத்ததில்ல. நான் சிவப்பா, கருப்பா, ஒண்ணும் தெரியாது. அவருக்கு நான்னா என் குரல்தான். அதையும் குடுத்துட்டு நான் அந்த வீட்டுல யாரா இருக்கிறது?”

மாமாதான் பேசினார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“உன் குரல யார் கேட்டா? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் குரல்தான் கேக்குறேன். குரலுக்கு எனக்கு என்ன பஞ்சமா? எனக்கு ஆள் வேணும். நீ மூச்சு இழுக்குறத கேட்டுக்கிட்டே சோறு இறங்க மாட்டேங்குது எனக்கு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரப் போய் கேப்பேன்?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மூச்சின் விசில் அறையில் கேட்டது. பிறகு டாக்டரிடம், “எடுத்துருங்க” என்றாள்.

ஆபரேஷன் அன்று காலையில் மாமா வேலைக்குப் போகாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். மூச்சு வாங்க நிறுத்துவாள், மறுபடி பேசுவாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆள் பைக்கை ஒரு சந்துக்குள் செருகப் பார்த்து முடியாமல் தவிப்பதை ஆதியோடந்தமாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரி புடவைக்கும் ஜாக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றாள். மாமா ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். ஸ்ட்ரெச்சர் வந்த பிறகும் அவள் சொல்லி முடிக்கவில்லை. தள்ளிக்கொண்டு போகிற ஆளை நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

கதவைத் தாழ் போட்டோம். மெஷின் பக்கத்தில் நான், இந்த முறை முறையாகப் பயிற்சி முடித்தவளாக. “லேசர்” என்றார் டாக்டர். தட்டினேன். வலது நாணைச் சுத்தம் செய்தார். “லேசர்.” தட்டினேன். இடது நாண். உள்ளே வழி திறந்துகொண்டே வருவது திரையில் தெரிந்தது. மூலை மட்டும் பாக்கி. சிவப்புப் புள்ளி அங்கே போய் நின்றது.

“லேசர்.”

பஞ்சு ஈரமாக இருந்தது. ஆக்ஸிஜன் குறைத்தாகியிருந்தது. எல்லார் கண்ணிலும் கண்ணாடி இருந்தது. தட்டாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. என் கை எழவில்லை. டாக்டர் காலைத் தூக்கியபடியே காத்திருந்தார். அதட்டவில்லை, திரும்பவும் இல்லை. அந்த அறையிலிருந்து எப்படியாவது வெளியே ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. கதவு தாழ் போட்டிருந்தது. அக்காவின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பட்டனை அழுத்தி, தட்டினேன்.

பேசாத நாட்கள் கழிந்து அக்கா டாக்டரிடம் வந்த அன்று நான் கூடப் போனேன். மாமாவுக்கு வேலையில் விடுப்பு தீர்ந்துவிட்டிருந்தது. டாக்டர் கேமராவில் பார்த்து, வழி நன்றாகத் திறந்திருக்கிறது என்றார். மூலையில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்றார். மறுபடி முளைக்குமா என்று நான் கேட்டதற்கு, முளைக்காது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். பிறகு அக்காவிடம், “ஆன்னு சொல்லும்மா” என்றார்.

அக்கா சொன்னாள். ஒரு ஆண்பிள்ளைக்குக் குரல் உடைகிற வயதில் வருமே, அதைவிடத் தாழ்வாக, காற்றும் கரகரப்புமாக ஒரு சத்தம் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் “நல்லது, நல்லது” என்று இரண்டு தடவை சொன்னார். அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. இனி மூன்றாம் தியேட்டர் வேண்டாம், கீழே கருவிகளைக் கழுவிக் கட்டுகிற அறைக்கு மாற்றியாயிற்று என்று அவர் சொன்னதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

சாயங்காலம் அவளை வீட்டில் விடப் போனேன். பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே குழாயில் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் பலமாகக் கேட்டது. காலடிச் சத்தத்திலேயே ஆளைச் சொல்லிவிடுகிற மாமாவுக்கு அன்று எதுவும் காதில் விழுந்திருக்காது. சமையலறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா அறை வாசலில் நின்று, “வந்துட்டேன்” என்றாள்.

மாமா திரும்பினார். முகத்தில் மரியாதையான ஒரு சிரிப்பு வந்தது, வெளி மனிதர்களுக்கென்று வைத்திருக்கிற சிரிப்பு.

“யாருங்க? அவ இன்னும் வரலையே, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. வர்ற நேரம்தான். உட்காருங்க.”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வாளி நிரம்பித் தண்ணீர் தரையில் வழிந்தது. அவள் அப்படியே நின்றாள், போகவும் முடியாமல், உள்ளே வரவும் முடியாமல்.

“நான்தாங்க” என்றாள்.

மாமாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. கையிலிருந்த கத்தியைத் தடவிப் பார்த்து ஓரமாக வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் குழாயை மூடினார். வீடு நிசப்தமாகிவிட்டது. அவர் முகத்தில் அப்போது தெரிந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. அக்கா அதைப் பார்த்தாள், அது போதும்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றார்.

“நான்தான்.”

“இன்னொரு தடவ.”

“என்னத்தச் சொல்றது?” அக்காவின் குரல் உடைந்து, பாதி வார்த்தை காற்றாகப் போனது.

“எதையாவது சொல்லு. பஸ்ல என்ன பாத்த? எதிர் வீட்டுல என்ன பண்றாங்க? பேசிக்கிட்டே இரு. நான் பழகணும்.”

ஈரத் தரையில் கால் வைத்து அவள் உள்ளே போனாள். பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஆளைப் பற்றி ஆரம்பித்தாள். நடுநடுவே மாமா அவளை நிறுத்தி, அந்த வார்த்தையை மறுபடி சொல்லு, இந்த வார்த்தையை மறுபடி சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.